படம் வராத பிரவுசர்

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. கருப்புத்திரை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். லிப்ட் செய்யும் கம்பெனியில் கையேடு எழுதுவது அவர் வேலை. லிப்டை எப்படிப் பொருத்துவது, எங்கே எண்ணெய் விடுவது, நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதையெல்லாம் அட்சரம் பிசகாமல் எழுதி வைப்பவர். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டும் அரட்டையுமாக இருப்பார்கள். இவர் திரையில் எழுத்து அடிக்கிற ஒரே ஒரு எடிட்டர், கருப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். கையேடும் அதில்தான், மெயிலும் அதில்தான், பல் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியும் அதில்தான். மவுஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவர். புதிதாகச் சேர்ந்தவர்கள் கம்ப்யூட்டர் ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து, ஆளை வரச் சொல்லட்டுமா என்று கரிசனமாகக் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி நகராட்சி நீச்சல் குளத்தில் சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அது போதாதென்று கழுத்தில் ஒரு ஆரஞ்சு விசில் வேறு. கடைத்தெருவில் யாராவது சாலையைக் கவனிக்காமல் கடந்தால்கூடக் கை தானாக விசிலுக்குப் போய்விடும். இவருக்கோ முழங்கால் தண்ணீரைத் தாண்டினால் மூச்சு முட்டும். நீச்சல் டீச்சர் புருஷனுக்கு நீச்சல் தெரியாது என்பது அந்தக் குளத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடிய நகைச்சுவை. விடுமுறை நாட்களில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரப் போவார். அவள் வகுப்பு முடியும்வரை கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த வெதுவெதுப்பில் கொஞ்ச நேரத்தில் கண் சொக்கிவிடும்.

போன குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையில் வகுப்புக்குப் போனவள், மத்தியானம் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை இவர் நின்றபடியே கேட்டார். சரி என்றார். லிப்ட் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். லிப்டுக்குள் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. 'லிப்ட் நின்றுவிட்டால் கதவைத் தள்ளாதீர்கள். உதவி வரும்வரை அசையாமல் காத்திருங்கள்.' அவர் கம்பெனி லிப்ட், அவர் எழுதிய வாக்கியம். தரைத்தளம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு அவர் கிட்டத்தட்ட அந்தப் பலகை சொன்னபடிதான் நடந்துகொண்டார். அழவில்லை. அழக் கூடாது என்ற வைராக்கியம் ஒன்றுமில்லை, வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், அவர்கள் அழுதால் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மகள்தான் மூலையில் உட்கார்ந்து முகம் வீங்க அழுதாள். மனுஷன் கல்லு மாதிரி இருக்கிறாரே என்று ஒன்றிரண்டு பேர் அவர் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். மகள் அவர்களிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்: "அவர் அப்படித்தான். உள்ள வெச்சிருக்காரு." உள்ளே எதை வைத்திருக்கிறோம் என்று அவரும் தேடிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுவாரமே வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு நாள் முற்பகலில், இரும்புக் கயிறு ஒன்றின் தடிமனைச் சரிபார்க்க மற்றவர்கள் பயன்படுத்தும் சாதாரண பிரவுசரைத் திறந்தார். திறந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்தது. சில வருடங்களுக்கு முன் இதே நாள் என்று எழுதி, கீழே அவள் முகம். ஈரத் தலை, தொப்பி அழுத்திய கோடு நெற்றியில், பல் தெரியச் சிரிப்பு.

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இரும்புக் கயிற்றைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. அவள் போனதைவிட, அவள் முகத்தைப் பார்த்தும் தனக்கு எதுவும் தோன்றவில்லையே என்பதுதான் பயமாக இருந்தது. இன்னொரு தரம் பார்த்து, அப்போதும் ஒன்றும் தோன்றாவிட்டால்? அதைத் தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. கம்ப்யூட்டரின் சுவிட்சையே அணைத்துவிட்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் உயிராக வைத்திருந்த எடிட்டருக்குள்ளேயே ஒரு பிரவுசர் உண்டு. எழுத்தை மட்டும் காட்டும் பிரவுசர். அது இருக்கிறதென்று அவருக்கு எப்போதோ தெரியும், ஆனால் சீண்டியதில்லை. அன்று மாலையே அதைக் கையில் எடுத்தார்.

எடிட்டரின் நடத்தை முழுவதும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வரியாக எழுதி, இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல வேண்டும். முதலில், மெயிலில் வரும் லிங்க் எதை அமுக்கினாலும் வெளியே இருக்கும் பிரவுசருக்கு ஓடாமல் உள்ளேயே திறக்கும்படி வைத்தார். அடுத்து, வரிகள் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளாமல் புத்தகப் பக்கத்து அகலத்தில் மடங்கும்படி. பக்கங்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பூசிக்கொண்டு வரும் வண்ணங்களைக் கழற்றிவிடும்படி. பின்னால் போக ஒரு கீ, புதிய முகவரி கேட்க ஒரு கீ, தேட ஒரு கீ. கையேடு எழுதுகிற கை அல்லவா, ஒவ்வொரு வரிக்கு மேலும் அது எதற்காக என்று காரணம் எழுதினார். 'கண் வலிக்காமல் இருக்க.' 'விரல் நீட்டாமல் இருக்க.' கடைசியாக ஒரு வரி: படத்தைத் தடு, ஆம். அதற்கு மேல், 'பக்கம் சீக்கிரம் திறக்க' என்று எழுதினார். எல்லாக் காரணங்களிலும் அது ஒன்றுதான் சாக்குப்போக்கு.

வரிக்கு வரி அடைப்புக்குறிகள். ஒன்று விட்டுப்போனாலும் எடிட்டர் கோபித்துக்கொண்டு, சொன்ன எதையும் கேட்காமல் வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும். அப்படி அடிக்கடி நின்றது. விட்டுப்போன அடைப்புக்குறியைத் தேடுவது ஊசியைத் தேடுகிற வேலை, மற்றவர்களுக்குத் தலைவலி. அவருக்கு அது ஓய்வாக இருந்தது. தேடுகிற நேரத்தில் தலைக்குள் அடைப்புக்குறியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. கிடைத்துவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகும், வேறு ஏதாவது மாற்றலாமா என்று ஃபைலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

உலகம் அப்புறம் சப்தமில்லாமல் போயிற்று. பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை, உங்கள் பிரவுசர் பழையது என்று திட்டின. திறந்தவை நியூஸ் பேப்பரின் ஓரத்து விளம்பரம்போல் கடகடவென்று எழுத்தாக வந்தன. படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம், படத்துக்குக் கீழே யார் என்ன எழுதியிருந்தார்களோ அது மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் வந்தது. [கடற்கரை]. [புது மாடல் சலவை இயந்திரம்]. [சிரிக்கும் பெண்]. அவருக்கு அது போதுமாக இருந்தது. படம் வருகிற கைபேசியையும் அலமாரியில் போட்டுவிட்டு, பழைய பட்டன் போனை வெளியே எடுத்தார். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய படம் ஒன்று இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பால் எடுக்கப் போனால் கண்ணைக் கைப்பிடியிலேயே வைத்துக்கொள்வார்.

அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேஜை படக்காரருடையது. கையேட்டுக்கு வேண்டிய வரைபடங்களைப் போடுகிறவர், நல்ல தமாஷ் பேர்வழி. புது ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "படமே வேணாம்னு ஆரம்பிச்சுட்டீங்க. கடைசில என் பொழப்புல மண்ண அள்ளிப் போடப் போறீங்க."

"உங்க படம் இல்லாம கையேடு ஏது?"

"அதையும்தான் நீங்க பாக்கறதில்லையே."

அது உண்மைதான். இவர்கள் வேலை செய்யும் முறை அப்படி. கருப்புத்திரை முதலில் எழுத்தை எழுதி, படம் வர வேண்டிய இடத்தில் 'கதவுப் பூட்டு, இடப்பக்கம்' என்று ஒரு வரி போட்டுவிடுவார். படக்காரர் அந்த வரியைப் படித்துப் படத்தைப் போடுவார். ஒரு தடவைகூடத் தப்பாகப் போட்டதில்லை. அதனால் இவரும் பல வருடங்களாக வரியை மட்டும் படித்துவிட்டு, சரி, அச்சுக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் பழகியவர். வரி சரியாக இருந்தால் படமும் சரியாக இருக்கும். அதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

வெளியூரில் வேலை செய்யும் மகள் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தாள்.

"அப்பா, பூல்லேர்ந்து மேனேஜர் பேசினாரு. சின்னக் குழந்தைங்க குளத்துப் பக்கம் அம்மாவுக்காக ஒரு படம் மாட்டப் போறாங்களாம். பெருசா, சுவத்துல. எந்தப் படம்னு நாமதான் சொல்லணுமாம்."

"நீயே ஒண்ணு பாத்துக் குடும்மா."

"என்னால முடியலப்பா. ஒண்ண எடுத்தா இன்னொண்ண விட மனசு வரல. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். நான் எல்லாத்தையும் ஒரு பேஜ்ல போட்டு லிங்க் அனுப்பறேன். நிதானமா பாத்துட்டுச் சொல்லுங்க, என்ன?"

அவர் சரி என்றார். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்பதுதான் அவர் வாயில் முதலில் வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் லிங்கை அமுக்கினார். எடிட்டருக்குள் பக்கம் திறந்தது. மேலே மகள் எழுதிய ஒரு வரி, கீழே வரிசையாக அடைப்புக்குறிகள்.

[அம்மா, குளக்கரையில்]
[அம்மா, குழந்தைகளோடு]
[அம்மா, போட்டி நாள்]
[அம்மாவின் விசில்]
[அம்மா, மழையில்]

ஒரு வரியைத் திருப்பிப் போட்டால் எல்லாப் படமும் வந்து நின்றிருக்கும். அதை அவர் நினைக்காமல் இல்லை. கை செட்டிங்ஸ் ஃபைல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. பார்த்து, ஒன்றும் தோன்றாவிட்டால் என்ற அந்தப் பயம் அப்படியே இருந்தது. வரிகளை மட்டும் படித்தார். கர்சர் நாலாவது வரியில் நின்றது. விசில். அது ஒரு பொருள். அதில் முகம் இருக்காது. ஆரஞ்சு நிறம், ஈரத்தில் ஊறிக் கருத்துப்போன கயிறு, பின்னால் குளத்துச் சுவரின் நீல ஓடு. படம் எப்படி இருக்கும் என்று அவரே மனசுக்குள் வரைந்துகொண்டார். அதைச் சுவரில் எவ்வளவு பெரிதாக மாட்டினாலும் எதிரே நிற்கலாம், நாலு பேர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாலும் கவலையில்லை. வரி சரியாக இருந்தது. 'விசில் இருக்கும் படத்தையே மாட்டச் சொல்' என்று மகளுக்கு மெயில் எழுதிவிட்டு, லிப்டின் எண்ணெய்க் குழாய்க்குத் திரும்பினார்.

மகள் உடனே கூப்பிட்டாள்.

"நிஜமாவாப்பா? அந்தப் படத்தையா?"

"ஆமா."

"அதுல அம்மா முகமே வராதே."

"வர வேணாம். அது போதும்."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜலதோஷமோ என்று நினைத்தார்.

"உங்கள நான் சரியாப் புரிஞ்சுக்கவே இல்லப்பா," என்றாள். "மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு. நான் பேசிக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

விசில் படத்தை மாட்டுவதற்கு மேனேஜரோடு இவ்வளவு மல்லுக்கட்ட என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

படம் திறந்துவைக்கும் நாள் மத்தியானம் மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். குளத்தில் ஒன்றும் மாறவில்லை. அதே குளோரின் நெடி, அதே ஈரத் தரை, உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடியில் அப்புகிற அதே ஆவி. குழந்தைகள் ரப்பர் தொப்பியும் துண்டுமாகக் கரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய சட்டத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். இவருக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். பழைய நாற்காலிதான்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்: "உண்மையச் சொல்றேன். இந்தப் படத்த மாட்டணும்னு சொன்னப்ப எனக்குச் சரியாப் படல. டீச்சர் படத்துல டீச்சரே இல்லையேன்னு கேட்டேன். பொண்ணுதான் சொன்னாங்க, அம்மா எப்படி இருப்பாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அம்மா எதப் பாத்தாங்கன்னு தெரிய வேணாமான்னு. அதோட நான் வாயத் தெறக்கல." இவர் பக்கம் திரும்பி, "இதத் தேர்ந்தெடுக்க ஒரு மனசு வேணும் சார்," என்றார்.

இவர் கண்ணை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைப்பதுபோல் சட்டத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். துணி விழுந்தது. குழந்தைகள் கொல்லென்று சிரித்தன.

விசிலைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிரமம் இல்லை. அது ஒரு ஆளின் கழுத்தில் தொங்கியது. அந்த ஆள் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. கீழே பித்தளைத் தகட்டில், 'இந்தக் குளத்தின் நீச்சல் டீச்சர் எடுத்த படம்' என்று எழுதியிருந்தது. தான் எப்போதும் தூங்குகிற நாற்காலி என்று முதலில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தூங்குவது யார் என்று தெரிந்தது.

குழந்தைகள் படத்தைப் பார்த்தன, இவரைப் பார்த்தன, மறுபடி சிரித்தன. பெரியவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்ப ஆவி படிந்தது. யாரோ வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனைவி மேல் இப்படி ஒரு பிரியமா என்று இன்னொருவர் தழுதழுத்தார். அவருக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: படத்தைப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டோம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த நல்ல பெயர் அவரோடு தங்கியிருக்கும். கல்லு என்று சொன்னவர்களே மனசு என்று சொல்கிற நேரம். ஆனால் தப்பான வரியைத் தெரிந்தே விட்டுவைக்க அவரால் முடியாது, வேலை அப்படிப் பழக்கிவிட்டது. கூட்டம் கலைந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அந்தப் படத்த நான் பாக்கலம்மா."

"ஆவியாப்பா? கிட்ட போய்ப் பாக்கலாம் வாங்க."

"இப்போ இல்ல. அன்னிக்கு. நீ அனுப்பின ஒண்ணையும் நான் பாக்கல. என் பிரவுசர்ல படம் வராது. வரக் கூடாதுன்னு நான்தான் வெச்சிருக்கேன். நீ கீழ எழுதினத மட்டும் படிச்சேன்."

மகளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கிப்போனது.

"அப்போ விசில்னு போட்டிருந்ததப் பாத்து..."

"விசில் மட்டும் இருக்கும்னு நெனச்சேன். முகம் இருக்காதுல்ல."

அவள் எழுந்து தண்ணீர் ஓரம்வரை போய் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. அவள் மேனேஜரிடம் எவ்வளவு பேசியிருப்பாள், இந்த அப்பாவைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள் என்று அவருக்கு மெல்ல உறைத்தது. திரும்பி வந்தபோது அவள் கோபமாகத்தான் இருந்தாள்.

"அம்மா முகத்தப் பாக்க அவ்ளோ கஷ்டமா உங்களுக்கு?"

"கஷ்டமா இருந்தாத்தான் தேவலையே. ஒரு நாள் பாத்தேன். ஒண்ணுமே ஆகல. இன்னொரு தடவ பாத்தும் ஒண்ணும் ஆகலன்னா? அப்புறம் நான் என்ன மனுஷன்?"

இதை அவர் கயிற்றின் தடிமனைச் சொல்வதுபோல், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். மகளின் கோபம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"சரி, வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்," என்றாள். "நான் பக்கத்துல இருக்கேன். ஒண்ணும் ஆகலன்னா ஆகல. அதுக்காக உங்களத் தூக்கியா போடப் போறேன்?"

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தார். அதிலும் அதே எடிட்டர், அதே ஏற்பாடு. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் செட்டிங்ஸ் ஃபைலுக்குப் போய், படத்தைத் தடு என்ற வரியை எடுத்தார். மேலே எழுதியிருந்த காரணத்தை மகள் படித்தாள்.

"பக்கம் சீக்கிரம் திறக்கவா?"

"சும்மா எழுதினது."

ஆம் என்று இருந்ததை இல்லை என்று மாற்றினார். அவள் அனுப்பிய பக்கத்தை மறுபடி வரச் சொல்லும் கீயின் மேல் விரல் போய் நின்றது. அவர் கீபோர்டை அவர் தவிர யாரும் தொட்டதில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீயே அமுக்கு," என்றார்.

முதல் படம் வந்தது, எழுத்துகளைக் கீழே தள்ளிக்கொண்டு. குளக்கரையில் அவள், இடுப்பில் கை. அவர் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததில் குழந்தைகள் அவள் தோளில் தொங்கின. போட்டி நாளில் அவள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மகளைப் பார்த்து, தெரிகிறதா என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் கர்சரைக் கீழே இறக்கினாள்.

தூங்குகிற ஆள் வந்தார். குளத்தில் ஆவியிலும் சிரிப்பிலும் விசிலையும் பிளந்த வாயையும் தவிர அவர் எதையும் பார்த்திருக்கவில்லை. இங்கே அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி இல்லை. ஆளின் மடிமேல் ஒரு துண்டு. சும்மா எறிந்த துண்டு இல்லை. முழங்கால் இரண்டையும் மூடி, நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் தொடைக்கு அடியில் செருகிவிட்ட துண்டு. தூங்குகிறவன் தானே செய்துகொள்ள முடியாத வேலை. ஒவ்வொரு தடவையும் எழுந்ததும் அவர் எரிந்து விழுவார்: "ஏன் இந்த ஈரத் துண்ட என்மேல போடற? பேன்ட் நனஞ்சு போச்சு பாரு." வேறு இடமில்லாமல் அவர்மேல் போட்டுவிட்டுப் போகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அவள் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. சிரிப்பாள், துண்டை எடுத்து உதறுவாள், போகலாமா என்பாள். சுவரெல்லாம் கேட்கிற மாதிரி விசில் அடிக்கிறவள், தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டு வகுப்பு எடுத்திருக்கிறாள்.

படத்தின் கீழ் ஓரத்தில், ஈரத் தரையில், அவர் செருப்பின்மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. தொப்பி போட்ட தலை, கேமராவுக்காகத் தூக்கிய இரண்டு முழங்கை.

"தூங்கினா முழங்கால் குளிருதுன்னு சொன்னேன்," என்றார். "ஒரே ஒரு தடவ. எப்பவோ." கண் எரிந்து, திரை கலங்கியது. ஏதோ வியாதி வந்துவிட்டது என்றே முதலில் நினைத்தார், அவ்வளவு நாளாகியிருந்தது. பிறகு மேஜையில் தலையை வைத்து, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதார்.

மகள் அவர் முதுகில் கை வைத்தாள். பார்த்தது போதும் என்று நினைத்தோ என்னவோ, மற்ற கையால் லேப்டாப்பை மெல்ல மூடப் போனாள்.

"மூடாத," என்றார் அவர்.